இணையத்தின் வழியே வேலை தேடுதல்: பயன்களும் அபாயங்களும்

படித்து முடித்த மகனுக்கோ மகளுக்கோ தக்கதொரு வேலை அமைய வேண்டுமே என்ற கவலை இல்லாத விவசாயக் குடும்பம் நம் கிராமங்களில் அரிதாகும். நிலத்தின் வருவாய் மட்டும் குடும்பம் முழுமைக்கும் போதாத நிலையில், வீட்டில் ஒருவராவது மாதச் சம்பளம் பெறுபவராக இருக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்புவது இயல்பே. அதன் பொருட்டு நகையை அடகு வைத்தும், கறவை மாட்டை விற்றும், சில வேளைகளில் நிலத்தையே ஈடு காட்டியும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அவ்வாறு படித்தவர்கள் இன்று வேலை தேடும் இடம் பெரும்பாலும் கையிலுள்ள கைப்பேசியே ஆகும். அந்தத் தேடுதலால் விளையும் நன்மைகள் யாவை, அதில் மறைந்திருக்கும் அபாயங்கள் யாவை, அவற்றினின்றும் காத்துக்கொள்ளக் குடும்பத்தினரும் ஊராட்சி மன்றத்தாரும் செய்யத்தக்கவை யாவை என்பவற்றை இங்குக் காண்போம்.

பழைய முறையும் புதிய முறையும்

நம் நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு வேலை தேடித் தருவதே அவற்றின் முதல் நோக்கமாக இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவை வேலை நாடும் யாவருக்கும் திறந்துவிடப்பட்டன. அதன்பின் பல்லாண்டுக் காலம், பள்ளி இறுதித் தேர்வில் தேறிய கிராமத்து இளைஞர் சான்றிதழ்களைப் பையில் எடுத்துக்கொண்டு, முதல் பேருந்தைப் பிடித்து மாவட்டத் தலைநகர் சென்று, வரிசையில் நின்று பெயரைப் பதிவு செய்து வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கவும் அதே பயணத்தை மேற்கொண்டார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் செலவாயின.

இன்று அந்தப் பதிவையும் புதுப்பித்தலையும் இணையத்தின் வழியே செய்துகொள்ளலாம். கைப்பேசி இல்லாதவரும் அருகிலுள்ள இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். மத்தியத் தொழிலாளர் நல அமைச்சகம் 2015-ஆம் ஆண்டில் ‘நேஷனல் கேரியர் சர்வீஸ்’ என்னும் தளத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2020-ஆம் ஆண்டில் ‘தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையம்’ என்னும் தளத்தைத் தொடங்கியது. இவ்விரண்டிலும் வேலை நாடுவோர் பதிவு செய்துகொள்ளக் கட்டணம் ஏதுமில்லை. இவையன்றி, நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தனியார் தளங்களும் உள்ளன.

நன்மைகள்

இம்முறையால் விளையும் முதல் நன்மை தூரம் குறைவதாகும். நகரத்தில் உறவினர் இருப்பவருக்கும் அதிகாரிகளை அறிந்தவருக்கும் மட்டுமே முன்பு தெரிந்த வேலைச் செய்தி, இன்று பேருந்து நாளுக்கு இருமுறை மட்டும் வரும் சிற்றூரிலும் அதே வேளையில் தெரிந்துவிடுகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், இரயில்வே தேர்வு வாரியங்கள், வங்கித் தேர்வு அமைப்பு ஆகியவை தம் அறிவிப்புகளை இணையத்தில் வெளியிட்டு, விண்ணப்பங்களையும் இணையத்தின் வழியாகவே பெறுகின்றன. விண்ணப்பத் தாள் கிடைக்கவில்லை, அஞ்சல் தாமதமாயிற்று என்ற குறைகள் இப்போது இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கும் நான்காம் தொகுதித் தேர்வு திறந்திருக்கிறது என்ற செய்தியைப் பல பெற்றோர் இணையத்தின் வழியாகவே அறிந்திருக்கிறார்கள்.

இரண்டாவது நன்மை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியாகும். ஒரே வகையான வேலைக்குத் திருப்பூரில் என்ன சம்பளம், ஓசூரில் என்ன சம்பளம், தங்குமிடம் உண்டா, எத்தனை மணி நேர வேலை என்பவற்றை ஊரை விட்டுப் புறப்படுமுன்பே அறியலாம். விளம்பரத்தில் கண்ட தொகை முழுவதும் கைக்கு வராது என்பதையும் இங்குச் சொல்லுதல் வேண்டும். வருங்கால வைப்பு நிதி, ஊழியர் அரசு காப்புறுதி, உணவு, விடுதி என்னும் பிடித்தங்கள் போக எஞ்சுவது எவ்வளவு என்று கேட்டறிந்த பின்னரே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது நன்மை தொழிற்பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர், மின்பணியாளர் போன்ற பிரிவுகளில் தேறியவர்கள், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரலாம். அதற்கான பதிவும் இன்று இணையத்தில் நடைபெறுகிறது. செவிலியர் படிப்பு முடித்த பெண்ணும், வெளியூர் சென்று அலைய இயலாத மாற்றுத்திறனாளியும் வீட்டிலிருந்தபடியே பல இடங்களுக்கு விண்ணப்பிக்க முடிகிறது.

இவ்வளவு வசதி இருப்பினும், விண்ணப்பித்தவுடன் வேலை கிடைத்துவிடும் என்று எண்ணுதல் தவறு. எளிதாக விண்ணப்பிக்க முடிவதாலேயே ஓரிடத்திற்கு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கின்றனர். பல விண்ணப்பங்களுக்குப் பதிலே வருவதில்லை. மாதக்கணக்கில் பதில் வராமல் மனம் சோர்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான், கேளாமலே ஒரு செய்தி கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. அபாயம் அங்கே தொடங்குகிறது.

ஏமாற்றுவோரின் வழிகள்

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். விண்ணப்பித்து அலுத்துப்போன இளைஞர் ஒருவருக்கு, ‘நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டீர்கள், இன்று மாலைக்குள் 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் செலுத்துக’ என்று புகழ்பெற்றதொரு நிறுவனத்தின் பெயரில் செய்தி வருகிறது. அவர் செலுத்துகிறார். அடுத்த நாள் நிறுவனத்தின் முத்திரையுடன் நியமன உத்தரவு வருகிறது. அதனுடன் சீருடைக்கும் பயிற்சிக்கும் 8,000 ரூபாய் கேட்கப்படுகிறது. அதன்பின் மடிக்கணினிக்கு ஈட்டுத்தொகை, சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம் என்று தொகை வளர்கிறது. ‘முன்பு கட்டியது வீணாகிவிடுமே’ என்ற எண்ணமே அடுத்த தொகையைக் கட்டத் தூண்டுகிறது. தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போன பிறகு அந்தக் கைப்பேசி எண் ஒலிப்பதில்லை. ‘எந்தத் தேர்வு எழுதினாய்? யார் உன்னை நேரில் கண்டு பேசினார்?’ என்று முதல் நாளே கேட்க ஒருவர் இருந்திருந்தால், அந்தக் குடும்பம் தப்பியிருக்கும்.

இரண்டாவது வழி, வீட்டிலிருந்தே பணம் ஈட்டலாம் என்பது. வாட்ஸ்அப், டெலிகிராம் ஆகியவற்றின் வழியே வரும் இச்செய்திகள், படக்காட்சிகளுக்கு விருப்பம் தெரிவித்தால் போதும், உணவு விடுதிகளுக்கு மதிப்பெண் இட்டால் போதும் என்று கூறும். முதல் சில நாட்கள் சிறு தொகை உண்மையாகவே வங்கிக் கணக்கில் வந்து சேரும். நம்பிக்கை ஏற்பட்டபின், ‘முன்பணம் செலுத்தினால் பெரிய வேலை, பெரிய இலாபம்’ என்பார்கள். இலாபம் கைப்பேசித் திரையில் எண்ணாக வளரும். அதை எடுக்க முயன்றால் வரி கட்டு, அபராதம் கட்டு என்று மேலும் கேட்பார்கள். தூண்டிலில் புழு வைக்காமல் மீன் பிடிப்பவர் எவரும் இல்லை. முதலில் வந்த சிறு தொகை அந்தப் புழுவே ஆகும். வீட்டில் இருந்தவாறே குடும்பத்திற்கு உதவ விரும்பும் பெண்கள் இவ்வலையில் மிகுதியும் சிக்க நேர்கிறது.

வீட்டிலேயே தட்டச்சு வேலை என்பதும் இவ்வகையைச் சார்ந்ததே. வேலையை முடித்துக் கொடுத்தபின், பிழைகள் மிகுந்துவிட்டன, ஒப்பந்தத்தை மீறினீர் என்று வழக்கறிஞர் பெயரால் அறிவிப்பு அனுப்பி, வழக்கைத் தவிர்க்கப் பணம் கட்டுமாறு அச்சுறுத்துவர். இத்தகைய அறிவிப்பைக் கண்டு அஞ்சிப் பணம் அனுப்ப வேண்டியதில்லை. அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் செல்லுதலே முறை.

மூன்றாவது வழி, வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது. ‘உங்கள் கணக்கில் பணம் வரும், நூற்றுக்கு இவ்வளவு எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுங்கள், இதுவே வேலை’ என்பார்கள். அப்பணம் பெரும்பாலும் வேறொருவரை ஏமாற்றிப் பெற்றதாக இருக்கும். விசாரணை தொடங்கும்போது முடக்கப்படுவது அந்த இளைஞரின் கணக்கு. காவலர் முதலில் தேடி வருவதும் அவரையே. ஏமாற்றப்பட்டவர் குற்றவாளியின் இடத்தில் நிற்க நேரிடுகிறது.

நான்காவது, ஆவணங்களைத் திரட்டுவது. ஆதார், வருமான வரிக் கணக்கு அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்களை விண்ணப்பத்துடன் அனுப்பச் சொல்லி, அவற்றைக் கொண்டு வேறொருவர் கடன் பெறவோ சிம் அட்டை வாங்கவோ இடமுண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இவை தேவையில்லை. அடையாளச் சான்று இன்றியமையாததாயின், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியுமாறு மறைக்கப்பட்ட ஆதார் படியை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். ஓ.டி.பி. என்னும் இரகசிய எண்ணை எவருக்கும் எக்காரணத்தாலும் கூறலாகாது.

நேரில் கண்டதெல்லாம் உண்மை என்று நம்பிவிடவும் இயலாது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர், இரயில்வேயில் வேலை என்று நம்பி, புதுடில்லி இரயில் நிலையத்தில் ஏறத்தாழ ஒரு மாத காலம், நாள்தோறும் எட்டு மணி நேரம், வந்து போகும் இரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பயணச்சீட்டுப் பரிசோதகர், எழுத்தர் போன்ற பதவிகளுக்கு அதுவே பயிற்சி என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் இழந்த தொகை மொத்தம் சுமார் 2 கோடியே 67 இலட்சம் ரூபாய். அந்த மோசடி நேரில் ஆட்களின் வழியே நடந்தது. இன்று அதே முறை கைப்பேசியின் வழியே வீடு தேடி வருகிறது. இரயில்வேப் பணிகளுக்குத் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டுத் தேர்வு நடத்தியே ஆட்களை எடுக்கிறது. இடைத்தரகருக்கு அங்கு இடமில்லை என்ற ஒரு செய்தியை வாரியத்தின் தளத்தில் பார்த்திருந்தால், அத்தனை குடும்பங்களின் சேமிப்பும் நிலைத்திருக்கும்.

கடல் கடந்த வேலை

அயல்நாட்டு வேலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே பணத்துடன் உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சமூக வலைத்தளங்களில் விளம்பரம் செய்து இளைஞர்களை அழைத்துச் சென்று, எல்லை கடத்தி மியான்மர் நாட்டின் மியாவடிப் பகுதியில் அடைத்து வைப்பதாக மத்திய வெளியுறவு அமைச்சகம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் எச்சரிக்கை விடுத்தது. அங்கு அவர்கள் செய்யுமாறு வற்புறுத்தப்பட்ட வேலை, பிறரை இணையத்தின் வழியே ஏமாற்றுவதாகும். அவ்வாறு சிக்கிய தமிழர் 13 பேர் மீட்கப்பட்டு 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். 2025-ஆம் ஆண்டு மார்ச்சில், 549 இந்தியர்கள் இரண்டு விமானப் படை விமானங்களில் தாய்லாந்தின் மே சாட் நகரிலிருந்து அழைத்து வரப்பட்டனர். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இவ்வாறு வற்புறுத்தி வேலை வாங்கப்படும் நிலையில் இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது.

ஆகவே அயல்நாடு செல்ல விரும்புவோர் மூன்று செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்று, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, ஆட்களை அயல்நாட்டு வேலைக்கு அனுப்பும் முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றோரின் பட்டியலை வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் எவரும் பார்க்கலாம். முகவர் பெறத்தக்க சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய சரக்கு சேவை வரியும் உச்ச வரம்பாகும். அதற்கு இரசீது கொடுத்தாக வேண்டும். இரண்டு, சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்தல் குற்றம். ‘முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், அங்கே மாற்றித் தருகிறோம்’ என்று சொல்லும் முகவரை அந்த ஒரு சொல்லைக் கொண்டே விலக்கிவிடலாம். மூன்று, தமிழ்நாடு அரசே 1978-ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்தி வருகிறது. முதலில் அதனை அணுகுதல் நலம்.

பணம் எப்பக்கம் செல்கிறது?

மோசடியின் வகைகள் நாள்தோறும் மாறும். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருத்தல் எவருக்கும் இயலாது. ஆனால் எல்லாவற்றிற்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. வேலை என்பது உழைப்பவருக்கு முதலாளி பணம் தருவது. உழைக்க வந்தவரிடம் முதலாளியே பணம் கேட்பாராயின், அங்கே வேலை இல்லை என்று கொள்ள வேண்டும். அறுவடைக்கு ஆள் அழைக்கும் விவசாயி, வயலில் இறங்கக் கட்டணம் கேட்பதுண்டோ?

இதற்கு விலக்காக இரண்டே இடங்களைச் சொல்லலாம். அரசுத் தேர்வுகளுக்குக் கட்டணம் உண்டு. எடுத்துக்காட்டாக, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவிற்குக் கட்டணம் 150 ரூபாய். ஆயினும் அது ஆணையத்தின் தளத்திலேயே செலுத்தப்படுவது. தனி மனிதரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பப்படுவதன்று. மற்றொன்று, மேலே கூறிய, பதிவு பெற்ற அயல்நாட்டு முகவரின் வரம்புக்குட்பட்ட கட்டணம்.

விதை வாங்கும்போது நாம் மூட்டையின் கவர்ச்சியைப் பார்த்து வாங்குவதில்லை. சான்று விதைக்கு நீல அட்டையும் ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். அரசுத் தளங்களுக்கும் அவ்வாறு ஓர் அட்டை உண்டு. அவற்றின் முகவரி பெரும்பாலும் ‘ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.’ என்னும் ஆங்கில எழுத்துகளில் முடியும். அவ்வெழுத்துகள் முகவரியின் இடையே எங்கேனும் இருந்தால் போதாது. தனியார் நிறுவனமாயின், வந்த கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்து விசாரிப்பதில் பயனில்லை. ஏமாற்றுபவரே பதில் சொல்வார். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து அழைக்க வேண்டும். நேர்முகத் தேர்வு அலுவலகத்தில் நடைபெற வேண்டுமேயன்றி விடுதி அறையில் அன்று. பெண்கள் துணையுடன் செல்லுதல் நன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக, அவசரப்படுத்தும் அழைப்பை ஐயுறுதல் வேண்டும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் முன்னோர் அனுபவத்தால் கண்ட பழமொழி. உண்மையான வேலை ஓர் இரவு பொறுத்திருக்கும்.

ஏமாந்துவிட்டால் செய்ய வேண்டுவன

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் வெட்கத்தால் மறைத்தல் கூடாது. காலதாமதம் ஏமாற்றியவருக்கே உதவும். உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும். பணம் கைமாறி எடுக்கப்படுமுன் தகவல் சென்றால், வங்கிகள் அதனைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும், மாவட்டச் சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வந்த செய்திகளையும் பணம் அனுப்பிய இரசீதுகளையும் அழித்துவிடாமல் வைத்திருக்க வேண்டும், அவையே சாட்சியம். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

இழந்தவரை வீட்டார் கடிந்துகொள்ளலாகாது. குடும்பத்திற்கு உதவ எண்ணியே அவர் அதில் இறங்கினார். கடிந்துகொள்ளப்படுவோம் என்ற அச்சத்தாலேயே பலர் முதல் இழப்பை மறைத்து, அதை மீட்கும் ஆசையில் இரண்டாம் முறையும் பணம் கட்டுகிறார்கள்.

ஊராட்சியின் பங்கு

இதில் ஊராட்சி மன்றத்தார் செய்யக்கூடியது மிகுதி. அதற்கு ஆகும் செலவோ சொற்பம். முதலாவதாக, ஊராட்சி அலுவலகத்தின் பலகையில் அரசு வேலைத் தளங்களின் முகவரிகளையும், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் தொலைபேசி எண்ணையும், 1930 என்ற புகார் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். அம்மையத்தின் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி கிடைப்பதையும் அதிலேயே குறிப்பிடலாம்.

இரண்டாவதாக, ஆண்டிற்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒரு சில நிமிடங்கள் இதற்கென ஒதுக்கலாம். ஏமாந்தவர் பெயரைச் சொல்லாமல், ஏமாற்றிய முறையை மட்டும் எடுத்துக் கூறினால் போதும். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டங்களில் இச்செய்தியைப் பரப்புதல் மிகவும் பயன் தரும். நகையை அடகு வைக்கும் பேச்சு வீட்டில் எழும்போது, தடுத்து நிறுத்தக்கூடியவர் தாய்மாரே.

மூன்றாவதாக, ஊரில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், கணினி அறிந்த பட்டதாரி ஒருவரும் வாரத்தில் ஒரு மாலை நூலகத்தில் அமர்ந்து, வந்த உத்தரவுகளையும் விளம்பரங்களையும் சரிபார்த்துக் கொடுக்கலாம். “அண்ணே, பையனுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது, நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடுமாம்” என்று ஒரு தந்தை ஓடி வரும்போது, “உத்தரவைக் கொண்டு வாருங்கள் தம்பி, அந்தக் கம்பெனிக்கு நாமே பேசிப் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தைப் பற்றி யோசிப்போம்” என்று சொல்ல ஒருவர் இருத்தல் வேண்டும்.

நான்காவதாக, ஊராட்சித் தலைவரும் உறுப்பினரும் தம் பெயரைக் காத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கூறிக்கொண்டு வருபவர் ஊராட்சிக் கட்டடத்தையும் ஒலிபெருக்கியையும் கேட்பதுண்டு. தலைவரே ஏற்பாடு செய்த கூட்டம் என்றால் மக்கள் ஐயமின்றி நம்புவர். வந்தவர் இன்னார், அவர் நிறுவனம் இன்னது என்று மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் விசாரித்து அறிந்த பின்னரே இடம் தர வேண்டும்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இத்தகைய ஏற்பாடு அமையுமானால், இணையம் நம் பிள்ளைகளை நல்ல வேலைக்கு அழைத்துச் செல்லும் பாதையாக நிலைபெறும். வேலை தேடும் இளைஞர் கைப்பேசியை எடுத்துக்கொள்ளட்டும், துணிந்து விண்ணப்பிக்கட்டும். பணம் கேட்கும் செய்தி ஒன்று வருமாயின், அதற்குப் பதில் எழுதுமுன் வீட்டில் ஒருவரிடமும் ஊரில் ஒருவரிடமும் காட்டட்டும். அந்த ஒரு பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றுமாயின், எத்தனையோ குடும்பங்களின் நிலமும் நகையும் நிம்மதியும் காக்கப்படும் என்பது திண்ணம்.